திறப்பு விழாவுக்கு மறுநாள்

பண்ணை – மண்டைதீவு

யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டிப் பண்ணைத் தாம்போதியில் பேருந்து ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். கடல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நடுவில் ஒருவர் இறங்கி நடந்துகொண்டிருக்கிறார், முழங்காலுக்கு மேல் நனையவில்லை. குச்சிகளை வரிசையாக நட்டுச் சிறகுவலை கட்டியிருக்கிறார்கள். குச்சி உச்சிகளில் நீர்க்காகங்கள் இறக்கை உலர்த்திக்கொண்டிருந்தன.

என் பிழைப்பு கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது. கட்டுகிறவர்கள் வேறு. அவர்கள் கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, கேசரி சாப்பிட்டுக் கிளம்பிய மறுநாள் லிஃப்ட், ஏசி, சம்ப், ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் எங்கள் தலையில் விடியும். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மோட்டார் நின்றால் போன் போட்டால் போதும், டீ ஆறுவதற்குள் ஆள் வந்துவிடுவான். தீவில் மோட்டார் நின்றால் என்ன செய்வார்கள் என்று பார்க்கும் ஆசை பல நாளாக இருந்தது. இந்தப் பயணத்துக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நண்டு.

தாம்போதி முடிகிற இடத்தில் மண்டைதீவு. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இங்கேதான் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாலையிலிருந்து பார்த்தால் தட்டையான வெளி, ஈரநிலம், கொக்குகள். பக்கத்தில் இருந்த பெரியவர் பெருமையாகக் கை நீட்டிக் காட்டினார். மைதானப் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். தொழில் புத்தி.

"கொண்டருவினம் தம்பி."

"யார் ஐயா?"

"ஆரோ கொண்டருவினம்தானே" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பார்த்த பல திட்ட அறிக்கைகளிலும் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் கிட்டத்தட்ட இந்தப் பதில்தான் இருக்கும்.

ஊர்காவற்றுறை

வேலணை வழியாக வெயிலும் பனையும் மாறி மாறி வந்தன. ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். போர்த்துக்கீசர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியில் பிடித்த யானைகள் இங்கிருந்துதான் கப்பலேறின. இப்போது கடைத்தெரு சிறியது. போரில் கூரை போன வீடுகள் இன்னும் நிற்கின்றன. சுவருக்குள்ளேயே வேம்பு வளர்ந்து கூரைக்குப் பதிலாக நிழல் கொடுக்கிறது.

இறங்குதுறையில் நின்றால் கடலுக்கு நடுவே கல்லால் எழும்பிய கடற்கோட்டை தெரியும். ஹம்மன்ஹீல் என்று வரைபடங்களில் இருப்பது அதுதான். போர்த்துக்கீசர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல்தான் பணிந்தார்கள் என்கிறது வரலாறு. அத்தனை தடித்த சுவர் எழுப்பியும் தண்ணீர்த் தொட்டியில் கோட்டை தோற்றது. பிற்காலத்தில் சிறையாக இருந்து, இப்போது கடற்படை நடத்தும் விடுதியாக இருக்கிறது.

இங்கிருந்து எதிரே உள்ள காரைநகருக்கு ஒரு மிதவை ஓடுகிறது. ஊரார் அதைப் 'பாதை' என்கிறார்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். கை முழுக்கக் கிரீஸோடு நின்ற ஊழியரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இது நிண்டுபோனா என்ன அண்ணே செய்வாங்க?"

"யாழ்ப்பாணத்தைச் சுத்திக்கொண்டு போகவேணும். கண்ணுக்கு முன்னால ஊர் கிடக்கும், போறதுக்கு அரைநாள்." பிறகு சங்கிலியைக் காலால் தட்டிக் காட்டினார். "அதால இதை நிக்க விடுறேல்லை. சத்தம் மாறினாலே எனக்குத் தெரியும்."

எங்கள் அலுவலகத்தில் அதிர்வை அளக்க ஒரு கருவி வாங்கினோம். அவருக்குக் காது போதுமாக இருக்கிறது.

புங்குடுதீவு

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியைக் கடந்தால் பூட்டிய வீடுகளின் ஊர் தொடங்குகிறது. ஊர்க்காரரில் பெரும்பகுதி கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்று போய்விட்டார்கள். சில வீடுகள் பற்றைக்குள் மறைந்துவிட்டன. சில வீடுகள் நேற்று வெள்ளையடித்தது போல நிற்கின்றன. கேட்டில் சிங்கம், மாடியில் கண்ணாடி, உள்ளே ஆளில்லை.

அந்த வெள்ளையடித்த வீடுகளுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். நான் பார்த்தவர் ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி. ஒழுங்கையில் தண்ணீர் கேட்கப்போன இடத்தில் அறிமுகம். இடுப்பில் ஒரு கொத்துத் திறப்புகள், அதாவது சாவிகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் துணித்துண்டு கட்டியிருந்தார்.

"சிவப்பு ரொறன்ரோ வீடு. நீலம் பாரிஸ். இந்தப் பூப்போட்டது லண்டன். அவை சண்டை பிடிச்சு ரெண்டாப் பிரிச்சுப்போட்டினம், அதால அந்த வீட்டுக்கு ரெண்டு திறப்பு."

அவரோடு ஒரு வீட்டுக்குள் போனேன். முதலில் எல்லா ஜன்னலையும் திறந்தார். பிறகு குசினிக் குழாயில் தொடங்கிக் குளியலறை வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து, துருநிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டார். கிணற்று மோட்டாரைப் போட்டுச் சிறிது நேரம் நின்று கேட்டார். கதவு நிலைகளின் அடியில் கறையான் மண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு இடத்தில் விரலால் சுரண்டி மணந்தார். கடைசியில் போனை எடுத்து, அறை அறையாக வீடியோ. "இஞ்ச பாருங்கோ அண்ணை, உங்கட மாமரம் பூத்திருக்கு" என்று மாமரத்தையும் ஒருமுறை காட்டினார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அப்போது விடியற்காலையாக இருக்க வேண்டும், கொட்டாவிச் சத்தம் கேட்டது.

பிறகு சீ.ஆர். கொப்பியில் எழுதினார். தேதி, மோட்டார் ஓடியது, பின்பக்க பல்ப் மாற்றியது, விலை, விழுந்த தேங்காய் எத்தனை. வீட்டுக்கு ஒரு கொப்பி. ஆடிக் கோடையில் வீட்டுக்காரர்கள் வருவதென்றால் பங்குனியிலேயே வேலையைப் பிரித்துவிடுகிறார். முதலில் கிணறு இறைப்பு, பிறகு ஓடு, பிறகு வெள்ளை. "வெள்ளையடிச்சுப்போட்டு ஓடு மாத்தினா வெள்ளை ஊத்தையாப்போம், திருப்பி அடிக்கக் காசு ஆர் தருவினம்?" இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரே சுவருக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்த ஒரு பெரிய வளாகத்தை நான் அறிவேன். அங்கே திட்ட மேலாளர் என்று ஒருவருக்குத் தனி அறையும் இருந்தது.

வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். சம்பளம் எப்படி அக்கா என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரர் நல்ல ஆக்கள்தான். கேட் செய்ய லட்சக்கணக்கில அனுப்புவினம். எனக்குத் தாறதுக்கு மட்டும் மாசக் கடைசியில ஞாபகப்படுத்தவேணும்" என்றார்.

குறிகட்டுவான்

புங்குடுதீவின் மேற்கு நுனி. தெருவும் பேருந்தும் இங்கே முடிகின்றன. இதற்கு அப்பால் எல்லாமே படகில்தான் போக வேண்டும். சீமெந்து, காஸ் சிலிண்டர், தகரம், கோழித்தீன், மருந்துப் பெட்டி, பாணுக்கு மா, புதுக் குளிர்சாதனப் பெட்டி, அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்ற புது மாப்பிள்ளை ஒருவர். நயினாதீவுப் படகு நிரம்பியவுடன் புறப்படுகிறது. நெடுந்தீவுப் படகுக்கு நேரம் உண்டு, தவறினால் காத்திருப்புத்தான்.

நெடுந்தீவில் ஒரு கட்டட வேலைக்குச் சீமெந்து ஏற்றிக்கொண்டிருந்த மேசன் பாஸ் ஒருவரோடு நிழலில் உட்கார்ந்தேன். லொறியிலிருந்து இறக்கு, படகில் ஏற்று, அங்கே இறக்கு, உழவு இயந்திரத்தில் ஏற்று, மறுபடி இறக்கு. ஒரு மூட்டையை அத்தனை தோள்கள் தாங்க வேண்டும். "கொழும்பில இருந்து எஸ்டிமேட் போடுறவைக்குக் கடல் தெரியாது. யாழ்ப்பாண விலையைப் போட்டுட்டு ஆறு மாசத்தில முடி எண்டுவினம். சோழகம் எழும்பினால் படகே ஓடாத நாளும் இருக்கு. நனைஞ்ச சீமெந்தை ஆர் வாங்குவினம்?"

அவருடைய நாட்காட்டி வேறு. வாடைக்காற்றும் மாரி மழையும் ஓய்ந்து தை பிறந்ததும் சாமான் கடத்தத் தொடங்குவார். வைகாசியில் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வலுப்பதற்குள் கனமானதெல்லாம் தீவில் இறங்கியிருக்க வேண்டும். சுவர்வேலை, பூச்சுவேலை எல்லாம் அதற்குப் பிறகு, உள்ளூர் ஆட்களை வைத்து. கேள்வி மனு, அதாவது டெண்டர், ஆவணி மாதத்தில் முடிவானால் அந்த வேலையில் நட்டம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவாராம். ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதி ஒன்று இருக்கும், கடலுக்கு ஒரு தேதி இருக்கும். அவர் இரண்டாவதை நம்புகிறார்.

துறையில் நிற்கும்போது குமுதினியின் பெயர் யார் வாயிலாவது வந்துவிடுகிறது. நெடுந்தீவுக்கு ஓடிய படகு. 1985 மே 15ஆம் தேதி நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகும் அந்தப் படகைத் திருத்தித் திருத்தித் தீவார் ஓட்டினார்கள். வேறு வழி இல்லை என்பது ஒன்று. அதை விட்டுவிட மனமில்லை என்பதும் உண்டு என்று நினைக்கிறேன்.

நயினாதீவு

கால்மணி நேரத்தில் நயினாதீவு. ஒரு துறையில் இறங்கினால் நாகபூசணி அம்மன் கோபுரம், சற்றுத் தள்ளி மற்றத் துறையில் நாகதீப விகாரை. படகில் மல்லிகையும் வந்தது, வெள்ளுடையில் தாமரையோடும் வந்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரி உயிர்காப்பு அங்கியைத்தான் மாட்டிக்கொண்டிருந்தோம்.

கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை, அந்த உரிமையில் வைத்த பெயர். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். பசியோடு வந்தவனுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்து நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கழுவிய கிடாரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆள்வரத்து எவ்வளவு என்பதை இவர்கள் கோயில் வாசலில் எண்ணுவதில்லை. துறையில் எத்தனை படகு வந்தது என்று பார்த்து அரிசி போடுகிறார்கள். ஆனித் திருவிழாவில் அந்தக் கணக்குப் பல மடங்காகும். அரிசியும் விறகும் அதற்கு முன்பே கடல் கடந்து வந்து அடுக்கில் இருக்க வேண்டும்.

108 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது வேறொன்று தோன்றியது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது நம் ஊர்களிலும் உள்ளதுதான். அதைப் பக்தி என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். திருப்பணிச் சபை கூடுகிறது, பணம் திரட்டுகிறது, வேலைப் பட்டியல் போடுகிறது. மூலவரைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூசை ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. விரிசல், ஒழுக்கு, உதிர்ந்த சுதை எல்லாம் சரிசெய்து, அட்டபந்தன மருந்து சாத்தி, நாள் குறித்து ஒப்படைக்கிறது. பிறகு அடுத்த பன்னிரண்டு ஆண்டு எண்ணத் தொடங்குகிறது. இயங்கும் மருத்துவமனையை மூடாமல் ஒவ்வொரு தளமாகப் புதுப்பிப்பது எப்படி என்று எங்களுக்கு ஓட்டலில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாலாலயம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். 1958இலும் 1986இலும் தாக்குதலுக்கு உள்ளான கோயில் இது. எழும்பி நிற்பதற்குக் காரணம் அந்தச் சுழற்சியை யாரும் விட்டுக்கொடுக்காததுதான்.

நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அலை தூக்கிப் போட்டதில் பாதிப்பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், மேடென்று சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கியவுடன் கண்ணில் படுவது வேலிகள். சுண்ணாம்பே இல்லாமல் பவளக்கல்லை அடுக்கி அடுக்கி எழுப்பியவை. சுவரின் இடுக்கு வழியாகக் காற்று போய்விடுவதால் புயலிலும் நிற்கும், சரிந்தால் அதே கல்லை எடுத்துத் திரும்ப அடுக்கிவிடலாம். உதிரிப்பாகம் வாசலிலேயே கிடக்கிறது. ஒல்லாந்தர் கோட்டையும் இதே கல்தான், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒல்லாந்தர் இல்லை, பாதி மண்ணாகிவிட்டது. பெருக்க மரத்தையும் மருத்துவமனைப் பக்கத்துப் புறாக்கூட்டையும் எல்லோரையும் போல நானும் பார்த்தேன், படம் எடுத்தேன், அவ்வளவுதான்.

தெற்கே புல்வெளியில் குதிரைகள். வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைப் பண்ணையின் வாரிசுகள், லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் வறட்சியில் குட்டைகள் வற்றும்போது குதிரைகள் செத்திருக்கின்றன. பூங்கா என்ற அறிவிப்பைக் குதிரை குடிக்க முடியாது.

மனிதருக்கும் அதே கதைதான். சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் மெல்லிய ஆடையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. பட்டையால் அள்ளினால் நல்ல தண்ணீர், பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு திரும்ப இனிப்பதற்குப் பல மாரி வேண்டும். சென்னையில் ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவன் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாகும்.

மின்சாரம்தான் நான் அதிகம் விசாரித்த விஷயம். படகில் மட்டுமே போகக்கூடிய இந்தத் தீவுகள் நாட்டின் மின் வலையமைப்போடு இணையாதவை. டீசல் மின்பிறப்பாக்கிதான். நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பதால் செலவுக்கும் வசூலுக்கும் உள்ள இடைவெளியை மின்சார சபை சுமக்கிறது. காற்றும் வெயிலும் இவ்வளவு கொட்டிக்கிடக்கிற இடத்தில் அவற்றைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து ஒரு கலப்பு மின் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அதைச் சீனாவின் சினோசோர்–ஈடெக்வின் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தது, பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியுடையது. ராமேஸ்வரத்துக்கு இத்தனை பக்கத்திலா என்று இந்தியா முகம் சுளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டிச் சீனா நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1ஆம் தேதி பெங்களூரின் யூ-சோலார் நிறுவனத்துக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. இந்தியா கொடுக்கும் 1.1 கோடி டாலர் மானியத்தில் 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட் மணி மின்கலம், கூடவே அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி.

டில்லி, பெய்ஜிங், கொழும்பு மூன்றும் மோதிக்கொண்ட திட்டம். தீவில் தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன்.

"ஆர் தந்தாலும் சரிதான். 2022இல டீசல் இல்லாமப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஒண்டு சொல்லுறன் ஐயா, அந்த மெசினைத் திருத்தத் தெரிஞ்ச ஒரு பெடியன் இந்த ஊரிலயே இருக்கவேணும். கொழும்புக்கு போன் பண்ணி, அவர் யாழ்ப்பாணம் வந்து, படகு பிடிச்சு வாறதுக்குள்ள என்ர ஐஸ்கிறீம் உருகிப்போம்."

நான் ஒரு திட்டப் பரிசீலனைக் கூட்டத்தில் இருந்திருந்தால் இதைத்தான் முதல் குறிப்பாக எழுதச் சொல்லியிருப்பேன். சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும், மின்கலம் அதற்கு முன்பே ஒருமுறையாவது மாற வேண்டும். உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்னும். மானியம் கட்டிக்கொடுப்பதற்கு. மின்கலம் சாகும் ஆண்டில் பணம் யாருடையது என்பது இப்போதே காகிதத்தில் இருக்க வேண்டும். தீவுப் பிள்ளைகள் நாலைந்து பேரை வேலை நடக்கும்போதே கூட வைத்துப் பழக்கிவிட்டால், ஒப்படைக்கும் நாளில் சாவியோடு கை ஒன்றும் இருக்கும்.

தற்காலிக வேலைக்கும் இந்தத் தீவார் கெட்டிக்காரர்கள். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. அங்கே குடியிருப்பு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. ஆண்டுக்கொருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கூட்டம் போட்டு, தண்ணீர், கழிவறை, மின்விளக்கு, மருத்துவம், இறங்குதுறை, சாப்பாடு என்று துறை துறையாகப் பிரிக்கிறார்கள். கடற்படை சுமந்துகொண்டு போய் வைக்கிறது. இரண்டு நாளில் ஊர் ஒன்று எழும்பி, மூன்றாம் நாள் கலைகிறது. அந்த வேலைக்குப் போய்வரும் ஒருவர் சொன்னார்: "கொண்டு போறது லேசு ஐயா. திருப்பிக் கொண்டு வாறதுக்குத்தான் ஆள் கிடையாது."

இரவுச் சாப்பாடு ஒரு வீட்டில். புட்டு, தேங்காய்ப்பால் சொதி, மிளகாய்த்தூள் அள்ளிப்போட்ட நண்டுக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, கையை எடுக்க முடியவில்லை. இந்தப் பயணத்தின் இரண்டாவது காரணம் குறைவில்லாமல் நிறைவேறியது.

காலையில் மேற்குக் கரையில் நடந்தபோது மணலில் பாதி புதைந்து தண்ணீர்ப் போத்தல்கள் கிடந்தன. கடல் ஒதுக்கியவை கொஞ்சம், எங்களைப் போல் வந்துபோனவர்கள் போட்டவை மிச்சம். தீவுக்குள் வரும் சாமானுக்கு லாபம் உண்டு, அதனால் படகில் இடம் கிடைக்கிறது. வெளியேற வேண்டிய குப்பைக்கு லாபம் இல்லை, இடமும் இல்லை. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குடித்து முடித்த போத்தலைப் பையிலேயே வைத்துக் குறிகட்டுவானுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பள்ளிக்கும் வாசிகசாலைக்கும் கட்டடம் கட்டப் பணம் அனுப்புகிறவர்கள், அதைக் கூட்டித் துடைத்துத் திறந்து மூடும் ஆளின் சம்பளத்தையும் முதல் காசோலையிலேயே சேர்த்து அனுப்புங்கள்.